செய்ட்டாவா, சுஸுவா: யார் பட்ட பாடு பெரிது?

கார்முகில்

போர்க்கால ஜப்பானைக் காட்டும் அனிமேஷன் படங்கள் என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் 'மின்மினிகளின் கல்லறை'யைத் தாண்டுவதே இல்லை. "பார்த்து அழுதேன், இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1988இல் இசாவோ தகாஹாதா இயக்கிய அந்தப் படத்தின் பெருமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 2016இல் சுனாவோ கதாபுச்சி இயக்கத்தில் வந்த 'உலகின் இந்த மூலையில்' படத்தைப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் படத்தின் செய்ட்டா, இந்தப் படத்தின் சுஸு. இருவரில் அதிகம் துன்பப்பட்டது யார்?

என் கட்சி சுஸு. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

செய்ட்டாவுக்கு 14 வயது. 1945 ஜூனில் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிகிறது, தாய் சாகிறாள், ஆகஸ்டில் தங்கை சாகிறாள், செப்டம்பர் 21 இரவு சன்னோமியா ரயில் நிலையத்தில் ஒரு தூணில் சாய்ந்தபடி அவனும் சாகிறான். நான்கு மாதம்கூட இல்லை. சுஸு 18 வயதில், 1944 பிப்ரவரியில், ஹிரோஷிமாவின் எபா பகுதியிலிருந்து குரே துறைமுகத்துக்கு மருமகளாகப் போகிறாள். அண்ணன் போர்முனையில் இறந்துவிடுகிறான். அஸ்திப் பெட்டியில் வந்து சேர்வது ஒரு கல். கையைப் பிடித்துக்கொண்டு நடந்த நாத்தனார் மகள் ஹருமி, தாமதமாக வெடிக்கும் குண்டில் சாகிறாள்; பிடித்திருந்த வலது கையும் அவளோடு போகிறது. படம் வரைவது ஒன்றுதான் சுஸுவின் சந்தோஷம், அந்தக் கைதான் போகிறது. பிறகு ஹிரோஷிமாவில் அணுகுண்டு. தாய் கிடைக்கவில்லை, தந்தை சில மாதங்களில் இறக்கிறார், தங்கை படுத்த படுக்கை.

இத்தனைக்கும் பிறகு அவள் அடுத்த வேளைக்கு உலை வைத்தாக வேண்டும். செத்தவனுக்குக் கணக்கு முடிந்தது. இருப்பவளுக்கு முடியவில்லை.

இரண்டு படங்களின் கதையும் இந்த இழையில் முழுக்க வெளிப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பழையசுருள்

கணக்கு முடிந்ததாம்! பட்டினியில் செத்த பையனுக்கு அது ஏதோ விடுதலை போல எழுதியிருக்கிறீர்கள். அவன் சாகும்போது ரயில் நிலையத்தில் சுற்றி நடந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நினைவிருக்கிறதா? அமெரிக்கர்கள் வரப்போகிறார்கள், இப்படிக் கிடப்பவர்களைப் பார்த்தால் வெட்கக்கேடு என்ற பாணியில் ஒரு பேச்சு. துப்புரவு செய்பவர் அவனிடமிருந்த பழ மிட்டாய் டப்பாவை எடுத்து, என்ன ஏது என்று தெரியாமல் வெளியே புல்வெளியில் வீசுகிறார். அதற்குள் இருந்தது தங்கையின் எலும்பு. துன்பத்தின் உச்சம் எது என்று கேட்டால் நான் அந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

சுஸுவுக்குக் கணவன் இருந்தான், மாமனார் மாமியார் இருந்தார்கள், கூரை இருந்தது. கை போனபோது கட்டுப்போட ஆள் இருந்தது. செய்ட்டாவுக்கு யார் இருந்தார்கள்? அவன் தங்கையைத் தானே கூடையில் வைத்து, பொம்மையையும் உடன் வைத்து, கரி வாங்கி வந்து, தானே எரித்தான். 14 வயதில் நாம் எல்லாரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

நிலாமுற்றம்

கேள்வியிலேயே ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. 'மின்மினிகளின் கல்லறை'யில் அதிகம் துன்பப்பட்டது செய்ட்டா என்று யார் தீர்மானித்தது? 4 வயது செட்சுகோ எங்கே போனாள்?

அந்தக் குழந்தைக்குத் தோலெல்லாம் புண், தலையில் பேன், ஓயாத வயிற்றுப்போக்கு. கடைசியில் கண்ணாடிக் கோலியை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுச் சப்புகிறாள். மண்ணை உருட்டிச் சோற்றுருண்டை என்று அண்ணனுக்கு நீட்டுகிறாள், சாப்பிடு என்கிறாள். செய்ட்டாவுக்காவது என்ன நடக்கிறது என்று தெரியும். அவளுக்கு அதுவும் தெரியாது. அம்மா இறந்ததை அண்ணன் மறைக்கிறான், அடைக்கலம் கொடுத்த உறவுக்காரப் பெரியம்மா போட்டு உடைக்கிறாள். செத்த மின்மினிகளைக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டே அம்மாவும் புதைகுழியில்தான் இருக்கிறாள் என்று அவள் சொல்லும்போதுதான், இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது நமக்கும் அவனுக்கும் ஒன்றாக உறைக்கிறது.

தென்கரை

நிலாமுற்றம் அக்கா, செட்சுகோவைப் போட்டியில் சேர்த்தால் போட்டியே நடக்காது. குழந்தை என்று வந்துவிட்டால் யாரும் எதிர்வாதம் செய்யமாட்டார்கள். கார்முகில் கேட்டது பொறுப்பைச் சுமந்த இருவரைப் பற்றி. அந்த வரம்புக்குள் நிற்போம்.

ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள். செய்ட்டாவின் துன்பத்தில் பாதி அவன் தேடிக்கொண்டது. கோபேக்குப் பக்கத்து நிஷினோமியாவில் இருந்த அந்த உறவுக்காரப் பெண்மணி கொடுமைக்காரி என்று எல்லாரும் ஒரே குரலில் திட்டுகிறோம். போர்க்காலத்தில் மூன்று பேருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த வீட்டில் இரண்டு வயிறு கூடுகிறது. மகள் தொழிற்சாலைக்குப் போகிறாள். இந்தப் பையன் பள்ளிக்கும் போவதில்லை, அக்கம்பக்கத்தாரோடு தீயணைப்புப் பணிக்கும் போவதில்லை. படுத்துக் கதைப்புத்தகம் படிக்கிறான். கேட்டால் பள்ளி எரிந்துவிட்டது, வேலை பார்த்த ஆலையிலும் குண்டு விழுந்துவிட்டது என்கிறான். அவள் ஒரு சொல் சொன்னாள். இவன் ரோஷத்தில் கைவண்டியில் மூட்டையை ஏற்றிக்கொண்டு குளக்கரைப் பதுங்குகுழிக்குப் போய்விட்டான். பிறகு ஒரு விவசாயியே அவனிடம் சொல்கிறார்: ரேஷன் எல்லாம் ஊர்க்குழு வழியாகத்தான் வரும், பேசாமல் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள். கேட்டானா?

பழையசுருள்

ரோஷம் 14 வயதில் வராமல் 40 வயதிலா வரும்?

கோடைமழை

தென்கரை சொல்வதைத் தகாஹாதாவே ஓரளவு சொல்லியிருக்கிறார் என்பதைப் பதிவு செய்கிறேன். இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று மட்டும் பார்ப்பதை அவர் ஏற்கவில்லை. சமூகத்திலிருந்து அறுத்துக்கொண்டு தங்கையோடு தனி உலகம் அமைக்க முயலும் செய்ட்டாவின் போக்கில் எண்பதுகளின் இளைஞர்களைத்தான் அவர் கண்டார். இத்தனைக்கும் அவர் குண்டுவீச்சைக் கேள்விப்பட்டுப் படமெடுத்தவர் அல்லர். 1945 ஜூன் 29 அன்று ஒகயாமா நகரம் எரிந்தபோது 9 வயதுச் சிறுவனாக அதற்குள் ஓடித் தப்பியவர்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு "அவன் தேடிக்கொண்டது" என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. பதுங்குகுழிக்குப் போன முதல் இரவைப் பாருங்கள். கொசுவலைக்குள் மின்மினிகளைப் பிடித்து விடுகிறார்கள். இருட்டில் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் செய்ட்டாவுக்குக் கடற்படை அணிவகுப்பு நினைவுக்கு வருகிறது, அப்பா நின்ற கப்பல் நினைவுக்கு வருகிறது. பையன் கற்பனையில் துப்பாக்கி சுடுகிறான். அவன் அந்த வீட்டை விட்டுப் போனது சோம்பலில் அல்ல. அப்பா ஒருநாள் திரும்பி வந்து எல்லாவற்றையும் சரிசெய்வார் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை முறியும் இடம் வங்கி. அம்மா விட்டுச்சென்ற பணத்தில் மிச்சமிருந்த 3000 யென்னை எடுக்கப் போனவனுக்கு, போர் முடிந்துவிட்டது, ஜப்பான் சரணடைந்துவிட்டது, கடற்படையே மூழ்கிவிட்டது என்று வரிசையில் நிற்பவர்கள் பேசித்தான் தெரிகிறது. ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி அவனுக்கு மட்டும் அவ்வளவு தாமதமாக வருகிறது.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் இருந்து வளர்ந்தவன் நான். இந்த இரண்டு படங்களில் எது என்னைப் பிடித்து உலுக்கியது என்று கேட்டால் குண்டு விழும் காட்சி எதுவும் அல்ல. செய்ட்டாவின் தாயுடைய கிமோனோக்களை விற்று அரிசி வாங்குகிறாள் அந்தப் பெண்மணி. முதல் நாள் வெள்ளைச் சோறு. பிறகு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோற்றுருண்டை, இந்த இருவருக்கும் கஞ்சி. "இது எங்கள் அரிசிதானே" என்று குழந்தை கேட்கிறாள். இடம்பெயர்ந்து போய் உறவினர் வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அங்கே யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆனாலும் தட்டைப் பார்த்தால் உங்கள் இடம் தெரிந்துவிடும்.

தென்கரை தம்பிக்கு ஒன்று: மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் சுலபமான வழி.

தென்கரை

உங்கள் அனுபவத்துக்கு முன்னால் வாதம் செய்ய எனக்கு வாய் வரவில்லை, அண்ணா. படத்துக்குள் நின்று ஒன்று மட்டும் கேட்கிறேன். அதே மாதிரியான வீடுதானே சுஸுவுக்கும் கிடைத்தது? முன்பின் தெரியாத ஊர். கணவன் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாமல் வந்து சேர்கிறாள். வந்த புதிதில் மன அழுத்தத்தில் தலையில் காசு அளவுக்கு முடி கொட்டிப் போகிறது. அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டு திரிகிறாள். நாத்தனார் கெய்கோ வந்து இறங்கியதும் முதல் பேச்சே குத்தல். உனக்கு இங்கே வேலை இல்லை, ஹிரோஷிமாவுக்குப் போய்க்கொள் என்கிறாள். இவள் அதையும் ஊருக்குப் போக விடுமுறை கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்கிறாள். செய்ட்டாவிடம் இல்லாதது அந்த நெகிழ்வுதான்.

கார்முகில்

அதை நெகிழ்வு என்று பாராட்டுவதில்தான் எனக்குச் சிக்கல். அடி வாங்கினாலும் முகம் சுளிக்காத பெண்ணைப் பார்த்தால் நமக்கெல்லாம் பிடித்துப்போய்விடுகிறது.

கொட்டகைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சுஸுவின் பள்ளித் தோழன் தெத்சு, கடற்படை வீரன், ஒருநாள் திடீரென்று வீட்டுக்கு வருகிறான். இவன் போர்க்கப்பலில் திரும்பிப் போகிறவன், உயிரோடு வருவானோ இல்லையோ. கணவன் ஷூசாகு அவனைக் கொட்டகையில் படுக்கச் சொல்லிவிட்டு, மனைவி கையில் கால் சூடேற்றும் கனல்பெட்டியைக் கொடுத்து அங்கே அனுப்புகிறான். வீட்டுக் கதவையும் தாழிட்டுக்கொள்கிறான். என்ன அர்த்தம் என்று மூவருக்கும் தெரியும். அந்த இரவில் ஒன்றும் தவறாக நடக்கவில்லை, தெத்சு கண்ணியமானவன். ஆனால் அந்தக் கதவு தாழிடப்பட்டது தாழிடப்பட்டதுதான். பிறகு ரயிலில் கணவனிடம் அவள் சண்டை போடும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஏதோ புதுத் தம்பதிகளின் ஊடல். செய்ட்டாவை யாரும் இப்படி இன்னொருவருக்கு ஆறுதலாக எடுத்துக் கொடுக்கவில்லை.

வெள்ளைக்கொக்கு

இத்தனை நாள் ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன், இந்த இடத்தில் நுழைகிறேன்.

சுஸுவின் துன்பத்தை எண்ணிக்கையில் காட்டுவது வீண்வேலை என்று நினைக்கிறேன். அந்தப் படம் அதைக் காட்டும் விதம்தான் முக்கியம். ஹருமி சாகும் இடத்தைப் பாருங்கள். 1945 ஜூன் 22, குரேயின் கடற்படை ஆயுதத் தொழிற்சாலை மீது குண்டுவீச்சு நடந்த நாள். மருத்துவமனையில் மாமனாரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஹருமிக்குக் கப்பல் என்றால் உயிர், எந்தக் கப்பல் என்ன பெயர் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். துறைமுகத்தில் என்ன கப்பல் நிற்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறாள். சுவரில் இடிந்துபோன ஓர் இடைவெளி. தாமதக் குண்டைப் பற்றிக் கேட்ட வகுப்பு சுஸுவின் நினைவுக்கு வருவதற்கும் குண்டு வெடிப்பதற்கும் இடையில் ஒரு நொடிதான்.

அப்புறம் படம் கறுத்துப்போகிறது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளும் பொறிகளும் கிறுக்கலாக ஓடுகின்றன. ரத்தமும் இல்லை, உடலும் இல்லை. சுஸுவின் மனம் மட்டும் ஓடுகிறது: இடது கையில் பிடித்திருந்தால்? நான் அந்தப் பக்கம் நடந்திருந்தால்? கண் விழித்தால் தலைமாட்டில் கெய்கோ. "கொலைகாரி" என்று கத்துகிறாள்.

செய்ட்டா தங்கையைக் காப்பாற்றப் போராடித் தோற்றான். சுஸு தன் கையாலேயே அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினாள். இரண்டும் ஒன்றல்ல.

கோடைமழை

அந்தக் காட்சிக்குப் பிறகு பின்னணிகள் எல்லாம் கோணலாக, நடுங்குகிற கோட்டில் வரும். மூலக்கதையை வரைந்த ஃபூமியோ கோனோ அந்த இடத்திலிருந்து பின்னணிகளைத் தன் இடது கையால் வரைந்தார். சுஸு பார்க்கிற உலகம் இடது கையால் வரைந்த உலகமாகிவிட்டது. படத்திலும் கதாபுச்சி அதைக் கொண்டுவந்திருக்கிறார். ஒரு கதாபாத்திரத்தின் இழப்பை வரைபவரே தன் கையில் வாங்கிக்கொண்ட இன்னோர் இடம் எனக்குத் தெரியாது.

பழையசுருள்

எழுதியவரே வாங்கிக்கொண்ட இடம் இந்தப் பக்கமும் உண்டு, கோடைமழை. 'மின்மினிகளின் கல்லறை'க்கு மூலம் அகியுகி நோசாகா 1967இல் எழுதி ஜப்பானின் நவோகி இலக்கியப் பரிசு பெற்ற சிறுகதை. கோபேயில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர். 1945இல் குண்டுவீச்சில் வீடு போயிற்று, வளர்ப்புத் தந்தை இறந்தார். கைக்குழந்தையாக இருந்த தங்கையைத் தூக்கிக்கொண்டு போனார். ஃபுகுய் என்ற ஊரில் அந்தக் குழந்தை பட்டினியில் இறந்தது. கதையின் செய்ட்டா அளவுக்கு நான் நல்லவனாக இல்லை என்று அவரே பின்னாளில் எழுதினார். குழந்தைக்கு ஊட்ட வேண்டிய உணவைத் தானே தின்றிருக்கிறார், அழுகையை நிறுத்த அடித்திருக்கிறார். தான் இருந்திருக்க வேண்டிய அண்ணனை எழுதி, அவனைச் சாகவும் வைத்தார்.

ஆகவே "இருப்பவளுக்குக் கணக்கு முடியவில்லை" என்ற கார்முகிலின் வாதம் எனக்கும் உதவும். செய்ட்டாவுக்குப் பின்னால் 2015 வரை உயிரோடு இருந்து அந்தக் கணக்கைச் சுமந்த ஒரு மனிதர் நிற்கிறார்.

நிலாமுற்றம்

நோசாகாவைக் கணக்கில் சேர்க்கலாம் என்றால் செட்சுகோவை ஏன் தள்ளினீர்கள்? வரம்பு உங்கள் வசதிக்கு நீளுகிறது.

இருக்கட்டும், எனக்கு ஒரு காட்சி போதும். தாய் எரிந்த உடம்போடு பள்ளிக்கூடத்தில் கட்டுக்குள் கிடக்கிறாள். செய்ட்டா பார்த்துவிட்டு வெளியே வருகிறான். விளையாட்டு மைதானத்தில் செட்சுகோ உட்கார்ந்து அழுகிறாள். அவளிடம் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. மைதானத்தில் இருந்த இரும்புக் கம்பியில் ஏறி, பார்த்தாயா அண்ணன் எப்படிச் சுற்றுகிறேன் என்று குட்டிக்கரணம் போடுகிறான். சுற்றிக்கொண்டே இருக்கிறான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படமோ எட்ட நின்று பார்க்கிறது, கிட்டே போகவே இல்லை. இசை வைத்து அழ வைக்கத் தெரியாத இயக்குநரா தகாஹாதா? வேண்டாம் என்று விட்டார்.

பனங்கூடல்

சரியாகச் சொன்னீர்கள். இப்படிக் கிட்டே போகாத காட்சி சுஸு படத்திலும் ஒன்று உண்டு. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு குரேயில் ஒரு சுவரோரம் ஒரு வீரன் உட்கார்ந்த நிலையிலேயே இறந்து கிடக்கிறான். முகம் தெரியவில்லை, யார் என்று யாருக்கும் புரியவில்லை. பின்னால் ஒருநாள் பேச்சோடு பேச்சாகப் பக்கத்து வீட்டுப் பெண்மணி சொல்கிறார்: அது என் மகன், என் பிள்ளையையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. சொல்லிவிட்டுக் கையில் இருந்த வேலையைத் தொடர்கிறார். போரில் இருந்து வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள், நாலு பேர் நடுவில், வேறு ஏதோ பேச்சுக்கு இடையில்.

தென்கரை

இவ்வளவு நேரம் நான் செய்ட்டாவைத் திட்டிக்கொண்டிருந்தேன், இப்போது அவன் பக்கம் ஒரு வாதம் வைக்கிறேன். கட்சி மாறவில்லை, வழக்கு வலுவாக இருக்கட்டும் என்றுதான்.

அவன் திருடினான். முதலில் வயலில். பிறகு வான்தாக்குதல் நேரத்தில் ஊரே பதுங்குகுழிக்கு ஓடும்போது காலி வீடுகளில் புகுந்து துணிமணிகளை அள்ளினான். விமானம் வந்தால் அவனுக்கு மகிழ்ச்சி, இன்றைக்குச் சோறு. தாயைக் கொன்ற விமானம் அது. ஒரு பையனை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திய துன்பம் சுஸுவுக்கு வரவில்லை. விவசாயி ஒருவர் அவனை அடித்துத் துவைத்துக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போகிறார். காவலர் அந்த விவசாயியைத்தான் அதட்டி அனுப்புகிறார். படம் முழுக்க அவனுக்குக் கிடைத்த ஒரே கருணை ஒரு போலீஸ்காரரிடமிருந்து.

வெள்ளைக்கொக்கு

மருத்துவரை விட்டுவிட்டீர்களே. செட்சுகோவைப் பார்த்துவிட்டு "சத்துக்குறைவு, நல்ல ஆகாரம் கொடு" என்கிறார். அவ்வளவுதான். அடுத்த நோயாளி. செய்ட்டா கத்துகிறான்: ஆகாரத்துக்கு எங்கே போவேன்? எனக்குத் தெரிந்து படத்திலேயே கொடூரமான வசனம் மருத்துவர் சொன்ன அந்தச் சரியான ஆலோசனைதான்.

கார்முகில்

வாதங்களை எல்லாம் படித்தேன். சுஸு என்ற என் தீர்ப்பை மாற்றும் அளவுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் தென்கரை முன்னால் கேட்ட "அதே மாதிரியான வீடுதானே" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு கதைகளும் பிரியும் இடம் அதுதான். வெடித்த குண்டுகளிலோ ரேஷன் அளவிலோ பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு வீட்டில் இருந்த ஒருத்தியின் வாயில்.

ஜூலையில் சுஸு உடைந்துபோகிறாள். கொக்கு ஒன்றைப் பார்த்து, இங்கே நிற்காதே, மலைக்கு அப்பால் போ, அங்கே ஹிரோஷிமா இருக்கிறது என்று விரட்டிக்கொண்டு ஓடுகிறாள். விமானம் தாழப் பறந்து சுடுகிறது, கணவன் மேலே விழுந்து காப்பாற்றுகிறான். அவனிடமே சொல்கிறாள்: நான் ஹிரோஷிமாவுக்குத் திரும்பிப் போகிறேன். புறப்பட வேண்டிய காலை ஆகஸ்ட் 6. அன்றைக்கு ஒற்றைக் கையோடு இருக்கும் அவளுக்கு உதவ உட்கார்கிறாள் கெய்கோ. கொலைகாரி என்று கத்திய அதே கெய்கோ. ஹருமி செத்ததற்கு உன்னைக் குற்றம் சொன்னது தவறு என்கிறாள். போவதும் இருப்பதும் உன் இஷ்டம், ஆனால் இது உன் வீடு, யாருக்காகவும் தயங்காதே என்கிறாள். சுஸு இருக்கிறேன் என்கிறாள். அப்போது ஜன்னலில் ஒரு வெளிச்சம். சற்று நேரம் கழித்து வீடு குலுங்குகிறது. ஹிரோஷிமா அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்.

நிஷினோமியா வீட்டில் அந்தப் பெண்மணிக்கு இப்படி ஒரு காலை வாய்த்திருந்தால் செய்ட்டாவும் செட்சுகோவும் பிழைத்திருப்பார்கள். ஒருவேளை.

பழையசுருள்

அப்படியானால் சுஸுவுக்கு யாரோ ஒருவர் கதவைத் திறந்தார், செய்ட்டாவுக்கு ஒருவரும் திறக்கவில்லை. உங்கள் வாயாலேயே என் கட்சி ஜெயித்தது.

கார்முகில்

கதவு திறந்ததால்தான் அவள் உயிரோடு இருந்து ஆகஸ்ட் 15 அன்று வானொலியில் பேரரசரின் உரையைக் கேட்டாள். இடது கை இருக்கிறது, இரண்டு கால் இருக்கிறது, கடைசி ஆள் வரை போராடுவோம் என்றுதானே சொன்னார்கள் என்று கத்திவிட்டு, காய்கறித் தோட்டத்தில் விழுந்து அழுதாள். இத்தனை நாள் பல்லைக் கடித்துப் பொறுத்ததெல்லாம் எதற்காக என்று தெரியாமல் போனதே, அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? அன்று மாலை மாமியார் ஒளித்து வைத்திருந்த வெள்ளை அரிசியை எடுத்து வருகிறார். விளக்கின் கறுப்புத் துணியை அகற்றுகிறார்கள். அவள் உட்கார்ந்து சாப்பிடத்தான் வேண்டும்.

வெள்ளைக்கொக்கு

அந்த ஆகஸ்ட் 15 காட்சியில் எல்லாரும் சுஸுவைப் பார்க்கிறோம். அதே நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று "ஹருமி, ஹருமி" என்று அழும் கெய்கோவை எத்தனை பேர் கவனித்தீர்கள்? சில நொடிகள்தான் வருகிறாள்.

இந்த இழையில் எல்லாரும் பெட்டி பெட்டியாக இழப்பைக் கொண்டுவந்து எடை போடுகிறீர்கள். கெய்கோவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விரும்பி மணந்த கணவன் நோயில் இறந்தான். மகனை அவன் வீட்டார் தங்கள் வாரிசு என்று வைத்துக்கொண்டார்கள். இருந்த கடையை, குண்டுவீச்சில் தீ பரவாமல் இருக்க வேண்டும் என்று அரசே இடித்தது. மகளைக் குண்டு கொன்றது. கொண்டுபோனவளோடு ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும். பிறகு அவளிடமே மன்னிப்பும் கேட்கிறாள். கெய்கோவுக்கு வாய் நீளம், முகம் சுளிப்பாள், ஆகையால் நம் இரக்கப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. செய்ட்டாவின் பெரியம்மாவுக்கும் அதே கதிதான்.

இன்னொன்று. அந்த ஆகஸ்ட் 6 காலையில் கெய்கோ சுஸுவிடம் சொல்வது என்ன? விரும்பியவனை மணந்தேன், கடை போனது, பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் போனது, ஆனால் எல்லாம் நானே தேர்ந்தெடுத்த வாழ்க்கை, அதனால் சொன்னதை மட்டும் செய்துகொண்டு போகிற உன்னைவிட நான் பாக்கியசாலி. இதை உண்மை என்று எடுத்துக்கொண்டால் தானே வீட்டைவிட்டுப் போன செய்ட்டாவும் பாக்கியசாலிதான், பழையசுருள் ஐயா. எடுத்துக்கொள்வீர்களா?

பழையசுருள்

எடுத்துக்கொள்ளமாட்டேன். மகளைப் பறிகொடுத்தவள் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளச் சொன்னது அது. அவளுக்கு அது பொருந்தும். குளக்கரையில் தங்கையை எரித்தவனிடம் போய் நீ தேர்ந்தெடுத்தாய் என்று சொல்ல எனக்கு நா எழாது.

நிலாமுற்றம்

எனக்கு வேறொன்று தோன்றுகிறது. படத்தின் கடைசியில் ஹிரோஷிமாவில் ஓர் அநாதைச் சிறுமி சுஸுவிடம் ஒட்டிக்கொள்கிறாள். தாய் கையைப் பிடித்தபடியே இறந்தவள் அவள். சுஸுவின் கையிலிருந்து விழுந்த சோற்றுருண்டையை எடுத்துத் திருப்பி நீட்டுகிறாள், நீயே சாப்பிடு என்கிறாள் சுஸு. தலையெல்லாம் பேன். குரேக்கு அழைத்து வந்ததும் வீட்டில் முதல் கவலை அந்தப் பேன்தான். கெய்கோ உடனே ஹருமியின் பழைய உடுப்புகளைத் தேடப் போகிறாள். எந்தக் கேள்வியும் இல்லை.

செட்சுகோவுக்கும் பேன் இருந்தது. அவள் உடுப்புக்கும் யாராவது பெட்டியைத் திறந்திருக்கலாம்.

தென்கரை

கார்முகில், இழையின் தலைப்பை மாற்றிவிடுங்கள். இப்போது போட்டியில் நால்வர்.

கார்முகில்

தலைப்பை மாற்றமாட்டேன், சுஸுவுக்குப் போட்ட வாக்கு அப்படியே இருக்கட்டும். கெய்கோவுக்குத் தனி இழை ஒன்று தொடங்குகிறேன். 2019இல் வந்த நீண்ட வடிவத்தில், ஷூசாகு மணத்துக்கு முன் விரும்பிய ரின் என்ற பெண்ணின் கதை விரிவாக வருகிறது; அதைப் பார்த்தவர்கள் ஷூசாகுவைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக எழுதக்கூடும் என்று இப்போதே எச்சரித்து வைக்கிறேன். பழையசுருள் ஐயா, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். ஆனால் அங்கே செய்ட்டாவை இழுக்கக் கூடாது.

பழையசுருள்

வருகிறேன். இழுக்காமல் இருப்பேன் என்று உறுதி தர முடியாது.